கடல் தாண்ட வேண்டிய பிரதி

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிவந்த வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு ஓராண்டு நீடிப்பு ஒன்று தரப்பட்டது. அதுவும் பதிவு செய்துகொண்டவர்களுக்கே. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் புரொசெசர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமே செல்லும். 2017க்கு முன்னர் செய்யப்பட்ட கணினிகள் அநேகமாக இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

யாழ்ப்பாணத்தின் தீவகத்தில் இந்த வரம்பு பலரைத் தொடுகிறது. ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் வீட்டுக் கணினி என்பது பெரும்பாலும் கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து விட்டுப்போன மடிக்கணினி. இல்லாவிட்டால் யாழ்ப்பாண நகரத்தில் வாங்கிய பாவித்த பெட்டி. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனபோது புதிய கணினி வாங்கும் எண்ணம் பல குடும்பங்களுக்கு எட்டாத் தூரம் போய்விட்டது. ஆகவே பழைய கணினியையே லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்துக்கு மாற்றலாமா என்ற கேள்வி எழுகிறது. யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "எல்லாத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில ஏத்திப்போட்டு, போர்மட் பண்ணிப் புதுசாப் போடுங்கோ."

இந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியை ஆராய்வதே இக்கட்டுரையின் வேலை.

வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றும்வரை நம்மிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. கணினியைப் போர்மட் செய்த நொடியில் ஒன்று அழிகிறது. அதுவரை காப்புப் பிரதியாக இருந்த வெளி டிஸ்க் அந்த நொடியிலிருந்து ஒரே பிரதி ஆகிவிடுகிறது. அது கீழே விழுந்தாலோ, அதில் ஏறிய கோப்புகள் அரைகுறையாக இருந்தாலோ, அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்க எதுவும் இல்லை. இயங்குதளம் மாற்றும்போது நடக்கும் இழப்புகளில் பெரும்பகுதி இந்த ஒரு நொடியை யாரும் கணக்கில் எடுக்காததால் வருகிறது.

அந்தக் கணினிகளில் இருப்பவை சாதாரணமானவை அல்ல. காணி உறுதிகளின் ஸ்கேன், கோயில் திருவிழாக் கணக்கு, ஆசிரியர் பல ஆண்டுகளாகத் தொகுத்த வினாத்தாள்கள், உயர்தர மாணவரின் செயற்திட்டம், பூப்புனித நீராட்டு விழா வீடியோ. 1990இலும் 1991இலும் போரால் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, அல்பங்களையும் பத்திரங்களையும் வீட்டோடு விட்டுப் போனவை. அவற்றில் சில பின்னர் வெளிநாட்டு உறவினரிடமிருந்து படமெடுத்து வாங்கிய கோப்புகளாகத்தான் திரும்பி வந்தன. 1981 யூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த மண் இது. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் என்ன ஆகும் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தின் பின்னால் உள்ள கவலையும் அதுதான். வீட்டுக் கணினிக்கு அந்தக் கவலை ஏனோ இன்னும் வந்து சேரவில்லை.

கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது மின்சாரம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகியவை தேசிய மின்வலையோடு இணைந்தவை. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பிய தனி விநியோகத்தில் இருந்துவருபவை. இம்மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளி, காற்று, மின்கலம் சேர்ந்த கலப்பு மின்திட்டத்துக்கு இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மின்சாரம் எவ்வழியில் வந்தாலும் கோப்பு ஏற்றும் வேலைக்கு நேரம் முக்கியம். பழைய கணினிகளில் உள்ள யூஎஸ்பி 2.0 துளையில் விநாடிக்கு 35 மெகாபைட்டுக்கு மேல் போவது அரிது. 500 ஜிபி ஏற்ற 4 மணித்தியாலம் பிடிக்கும். சிறிய கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் கூடும். மேசைக் கணினிக்கு வைத்திருக்கும் சிறிய யூபிஎஸ் சில நிமிடங்கள்தான் தாங்கும். ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் அந்த நேரத்தில் எழுதப்பட்ட கோப்பு மட்டும் கெடும் என்று எண்ணுகிறோம். ஆனால் டிஸ்க்கின் கோப்பு அட்டவணையே கெட்டு, ஏற்கெனவே ஏறியவையும் தெரியாமல் போவதுண்டு.

இதற்கு வழி இருக்கிறது. மின்கலம் நன்றாக உள்ள மடிக்கணினி ஒன்றை அயலில் கேட்டு வாங்கி, பழைய கணினியின் உள் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேசிங்கில் போட்டு, இரண்டு டிஸ்க்கையும் அதன் யூஎஸ்பி 3 துளைகளில் செருகி ஏற்றினால் அதே 500 ஜிபி ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடியலாம். கரண்ட் நின்றாலும் வேலை நிற்காது. மேசைக் கணினியில்தான் செய்ய வேண்டும் என்றால் முழு டிஸ்க்கையும் ஒரே இழுப்பில் இழுக்காமல் பகுதி பகுதியாக ஏற்றலாம். விண்டோஸில் ரோபோகொப்பி, லினக்சில் ஆர்சிங்க் என்ற கருவிகள் இடையில் நின்றால் ஏறியவற்றை விட்டு மீதியை மட்டும் தொடரும். இழுத்துப் போடும் வழியில் அந்த வசதி இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டரை அங்குல டிஸ்க் தனக்கு வேண்டிய மின்சாரத்தை யூஎஸ்பி கம்பியாலேயே எடுக்கிறது. பழைய பெட்டியின் முன்பக்கத் துளை அதற்குப் போதாமல் போகலாம். டிஸ்க் 'டிக், டிக்' என்று சத்தமிட்டுச் சுழலத் தொடங்கி நின்றால், டிஸ்க் பழுது என்று முடிவு கட்டுமுன் பின்பக்கத் துளையில், குட்டையான கம்பியால் செருகிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது டிஸ்க்கின் கோப்பு ஒழுங்கு. ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் டிஸ்க்கில் எழுதும் முறை ஒன்று உண்டு; எல்லாவற்றையும் எல்லாம் வாசிப்பதில்லை. விண்டோஸின் முறை என்டிஎஃப்எஸ். மாக் அதை வாசிக்கும், எழுதாது. லினக்ஸ் நெடுங்காலமாக வேறொரு துணை மென்பொருளால் எழுதிவந்தது. 2021இல் வந்த லினக்ஸ் 5.15 பதிப்பின் மையக் கருவிலேயே (கேர்னல்) எழுதும் வசதி சேர்ந்தது. மாக்கின் ஏபிஎஃப்எஸ் முறையை விண்டோஸ் அறியவே அறியாது. லினக்சின் எக்ஸ்ட்4 முறையும் அப்படியே. மூன்றுக்கும் பொதுவாக நிற்பது எக்ஸ்ஃபாட். 2006இல் வந்த அதன் விவரக்குறிப்பை 2019இல் மைக்ரோசொப்ட் பகிரங்கப்படுத்தியபின் லினக்சும் அதை நேரடியாக ஏற்றுக்கொண்டது. இன்னும் பழைய ஃபாட்32 எங்கும் வாசிக்கும். ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. கலியாண வீடியோ ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

ஆனித் திருவிழாக் காலத்தில் நயினாதீவுக்கு வரும் வெளிநாட்டு உறவுகள் படங்களைக் கொடுக்கவும் வாங்கவும் டிஸ்க்கோடுதான் வருகிறார்கள். மாக்கில் பாவித்த டிஸ்க்கை இங்குள்ள விண்டோஸ் கணினியில் செருகினால் திரையில் ஒரு சிறு பெட்டி வரும்: இந்த டிஸ்க்கைப் பாவிக்க முதலில் போர்மட் செய்ய வேண்டும், செய்யவா? டிஸ்க் பழுதாகவில்லை. விண்டோஸுக்கு அதன் எழுத்து புரியவில்லை, அவ்வளவுதான். அவசரத்தில் 'ஆம்' அழுத்தினால் ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டுப் படங்கள் போய்விடும். இளையோருக்குக் கணினி கற்பிப்பவர்கள் எதைச் சொல்லிக்கொடுக்காவிட்டாலும், அந்தப் பெட்டிக்கு 'இல்லை' என்று சொல்லவாவது கற்றுக்கொடுக்க வேண்டும்.

எக்ஸ்ஃபாட்டுக்கும் குறை உண்டு. எழுதுமுன் குறிப்பு வைக்கும் பழக்கம் அதற்கு இல்லை. எழுதும்போது கம்பியைப் பிடுங்கினால் என்டிஎஃப்எஸைவிட எளிதில் குழம்பும். விண்டோஸிலிருந்து லினக்சுக்கு வந்தவர்கள் இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். லினக்சில் ஏற்றும் பட்டை முடிந்தபிறகும் கணினி நினைவகத்திலிருந்து டிஸ்க்குக்கு எழுத்து போய்க்கொண்டிருக்கும். 'வெளியேற்று' என்பதை அழுத்தி, கழற்றலாம் என்ற செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கோ லினக்சுக்கோ போகிறவர் டிஸ்க்கை என்டிஎஃப்எஸாகவே வைத்திருப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். மாக் நடுவில் வந்தால் மட்டும் எக்ஸ்ஃபாட்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. விண்டோஸில் ஒரு பெயர் 255 எழுத்துக் குறிகள்வரை நீளலாம். லினக்சின் எக்ஸ்ட்4இல் 255 பைட்தான். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். ஆகவே 85 குறிகளோடு எல்லை வந்துவிடும். 'நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலய வருடாந்த மகோற்சவம் தேர்த்திருவிழா' என்ற பெயரே 177 பைட். அதன்பின் ஆண்டும் உபயகாரர் பெயரும் படமெடுத்தவர் பெயரும் சேர்ந்தால் லினக்ஸ் அந்தக் கோப்பை ஏற்காது. மற்றவை ஏறும், அது மட்டும் பின்தங்கும். பழைய மாக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் முறையில் இன்னொரு விசித்திரம். 'கோயில்' என்ற பெயரில் உள்ள ஓகாரத்தை அது ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்து வைக்கும். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். லினக்சில் 'கோயில்' என்று தேடினால் கிடைக்காது. அதே பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நிற்பதும் இதனால்தான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு எழுத்துருவால் வருவது. இலங்கைத் தமிழ் அலுவலகங்களும் பாடசாலைகளும் அச்சகங்களும் பல ஆண்டுகள் பாமினி என்ற எழுத்துருவில் ஓடியவை. இலங்கைத் தர நிறுவகம் 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ்த் தரத்தை வெளியிட்டது, யுனிகோட்டும் பரவியது. ஆனாலும் பழைய கோப்புகள் பாமினியிலேயே கிடக்கின்றன. பாமினிக் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால்தான் அவை தமிழாகத் தோன்றும். எழுத்துருக்கள் இருப்பது விண்டோஸின் சொந்தக் கோப்புறைக்குள். 'மை டொக்கியுமென்ட்ஸ்' முழுவதையும் வெளி டிஸ்க்கில் ஏற்றுகிறவர் அதை ஏற்றுவதில்லை. புதிய இயங்குதளத்தில் கோப்பைத் திறந்ததும் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். புள்ளி வைத்த எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் ஓர் அரைப்புள்ளி. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. அது கெடவே இல்லை. எழுத்துருவைத் திரும்பப் போட்டால் தமிழ் திரும்பிவிடும். ஆகவே வெளி டிஸ்க்கில் 'எழுத்துருக்கள்' என்று ஒரு கோப்புறை கட்டாயம் இருக்க வேண்டும். பிறகு நேரம் கிடைக்கும்போது சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி போன்ற கருவிகளால் யுனிகோட்டுக்கு மாற்றி, இரண்டையும் வைத்திருக்கலாம். மாற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை எறிவது சரியல்ல. அட்டவணைகளிலும் ஆங்கிலம் கலந்த வரிகளிலும் மாற்றிகள் பிழைவிடும்.

தவறவிடும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெஸ்க்டொப்பில் கிடப்பவை, டவுன்லோட்ஸ், கணினியில் வேறொருவர் பெயரில் உள்ள கணக்கு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், கணக்கியல் மென்பொருள் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்திருக்கும் தரவு. வன்டிரைவ் பாவிப்பவர்கள் கோப்பின் பக்கத்தில் மேகக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இருந்தால் அது கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது.

இனி, நிறுவும் வேளை. வெளி டிஸ்க்கைச் செருகியபடியே இயங்குதளம் மாற்றுவது ஆபத்து என்பதற்கு உலகத்தில் பதிவான சான்றுகள் உண்டு. 2013 ஒக்டோபரில் அப்பிளின் மாவரிக்ஸ் பதிப்பு வந்தபோது, அதற்கு மாறியவர்களின் வெளி டிஸ்க்குகளில் தரவு இழப்பு ஏற்படுவதாகத் தெரிந்து, வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் துணை மென்பொருட்களை அகற்றும்படி வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. 2018 ஒக்டோபரில் விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு சிலருடைய ஆவணக் கோப்புறைகளை அழித்ததால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டு, நவம்பரில்தான் மீண்டும் வந்தது. 2019இல் வந்த 1903 பதிப்பு, வெளி யூஎஸ்பி டிஸ்க் செருகியிருந்த கணினிகளில் ஏற மறுத்தது. டிஸ்க் எழுத்துகள் இடம்மாறிவிடும் என்பது காரணம். கோடிக்கணக்கான கணினிகளுக்குச் சோதித்து வெளியிடும் நிறுவனங்களுக்கே இந்த நிலை. லினக்ஸ் நிறுவும்போதோ 'எந்த டிஸ்க்கை அழிக்க?' என்ற பட்டியலில் இரண்டு டிஸ்க்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஓரெழுத்து வித்தியாசத்தில் நிற்கும். ஏற்றி முடிந்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் நிறுவத் தொடங்க வேண்டும். இதில் விலக்குத் தேவைப்படும் சந்தர்ப்பம் எதையும் நான் அறியேன்.

கழற்றுமுன் சரிபார்ப்பு. கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரு பக்கமும் ஒன்றா என்று பார்ப்பது முதற்படி. வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பழைய படம் ஒன்று, பெரிய வீடியோவின் கடைசி நிமிடம், பாமினிக் கோப்பு ஒன்று என்று திறந்து பார்ப்பது அதைவிட முக்கியம். ஏற்றிய அதே கணினியில் திறந்து பார்ப்பதை நான் நம்புவதில்லை. நினைவகத்தில் இருந்ததையே அது காட்டக்கூடும்.

புதிய இயங்குதளம் பிடிக்குமா என்ற ஐயம் இருந்தால் வெளி டிஸ்க்குக்கு இன்னொரு பயன் உண்டு. வெற்று டிஸ்க் ஒன்றிலோ பென் டிரைவிலோ லினக்சைப் போட்டு, கணினியின் உள் டிஸ்க்கைத் தொடாமலே இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறி வேலை செய்கிறதா, தமிழ் தட்டச்சு வருகிறதா என்று ஒரு வாரம் பாவித்துப் பார்த்தபின் முடிவெடுக்கலாம். ரெங்கநாதன் விசைப்பலகை லினக்சிலும் இருக்கிறது. பாமினியில் பழகிய விரலுக்கு அது அதிகம் அந்நியமாகாது. கேரளத்தின் பாடசாலைகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் கைட் என்ற அரச அமைப்பின் லினக்சில் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பொஸ் லினக்சும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. இரண்டில், கேரளம் நிலைத்தது. ஆசிரியர்களைப் பழக்கியதும் பாடநூலை அதற்கேற்ப எழுதியதுமே காரணம் என்று நினைக்கிறேன். தீவகத்துப் பாடசாலை ஒன்று விண்டோஸ் 10 கணினிகளை லினக்சுக்கு மாற்ற நினைத்தால், முதலில் ஆசிரியர் ஒருவர் வெளி டிஸ்க்கிலிருந்து அதை ஒரு தவணை ஓட்டிப் பார்க்கட்டும்.

மாற்றம் முடிந்தபின் டிஸ்க்கை எங்கே வைப்பது? உப்புக் காற்று முதலில் அரிப்பது யூஎஸ்பி முனையைத்தான். காற்றுப் புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு வைப்பது செலவில்லாத காவல். எஸ்எஸ்டி வகை வெளி டிஸ்க் விழுந்தாலும் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்க அது ஏற்றதல்ல. எழுதும் ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டி 30 பாகை வெப்பத்தில் மின்சாரமின்றி ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே அத்துறையின் தர அளவு. புதியது அதைவிட நெடுநாள் தாங்கும். இருந்தாலும் வருடத்துக்கு இரண்டு முறை செருகிப் பார்க்க வேண்டும். இணையத்தில் சில ஆயிரம் ரூபாவுக்கு விற்கும் '16 டெராபைட்' டிஸ்க்குகளை வாங்கவே வேண்டாம். உள்ளே சிறிய சில்லொன்றை வைத்து அளவைப் பொய்யாகக் காட்டுபவை அவை. எல்லை தாண்டியதும் பழையதன்மேல் புதியது எழுதப்படும்.

ஒரே வீட்டில் இரண்டு டிஸ்க் இருந்தாலும் போதாது. புயலும் வெள்ளமும் இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோகும். மேகச் சேமிப்பு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். விநாடிக்கு 5 மெகாபிட் ஏற்று வேகத்தில் 500 ஜிபி ஏற்ற ஒன்பது நாட்களுக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டும், டேட்டாக் காசு வேறு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் போகிறது. நயினாதீவிலிருந்து இருபது நிமிடம். 500 ஜிபியை ஒரு பையில் போட்டு யாழ்ப்பாண நகரத்து உறவினர் வீட்டுக்கு அரை நாளில் கொண்டுபோகலாம். எந்த இணைய இணைப்பும் இங்கே இதைவிட வேகமாகப் போகாது. வீட்டில் ஒன்று, கடலுக்கு அப்பால் ஒன்று, உறுதிகளும் தெரிந்தெடுத்த சில நூறு படங்களும் மட்டும் மேகத்தில்: தீவுக் குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். படகில் போகும் டிஸ்க்கை டப்பாவோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். உறுதியும் அடையாள அட்டையும் உள்ள பகுதியை மூன்று இயங்குதளத்திலும் திறக்கும் வெராகிரிப்ட்டால் பூட்டலாம். குடும்பப் படங்களைப் பூட்டாமல் விடுவதே மேல்; பூட்டியவர் போனபின் திறக்க ஆளில்லாமல் போகும் ஆபத்துத்தான் பெரிது.

எல்லாவற்றிலும் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு, செலவும் குறைவு. பழைய உள் டிஸ்க்கைப் போர்மட் செய்யவே வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு, 240 ஜிபி அளவில் புதிய எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, புதிய இயங்குதளத்தை அதில் போடலாம். பழைய கணினியும் கண்ணுக்குத் தெரிய வேகம் பிடிக்கும். கழற்றிய டிஸ்க்கை யூஎஸ்பி கேசிங் ஒன்றுக்குள் போட்டால் அதுவே வெளி ஹார்ட் டிஸ்க். டிஸ்க்கில் இருந்த கோப்பு எதுவும் தவறவிடப்படாது. பாமினி எழுத்துரு, மற்றவர் கணக்கு, கணக்கியல் தரவு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். வேண்டும்போது செருகி எடுக்கலாம். இரண்டு காரியங்களை மட்டும் கழற்றுமுன் செய்ய வேண்டும். பிட்லொக்கர் பூட்டு இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் நீக்கிவிட வேண்டும். அல்லது மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். விண்டோஸின் விரைவுத் தொடக்கத்தை நிறுத்திவிட்டு முழுமையாக அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் லினக்ஸ் அந்த டிஸ்க்கை வாசிக்க மட்டுமே விடும், எழுத விடாது. அந்தப் பழைய டிஸ்க்கும் வயதானதுதான். அதிலிருப்பதை இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, அடுத்த முறை குறிகட்டுவான் வழியாக யாழ்ப்பாணம் போகிறவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.